காப்புக் கை

...எல்லாம் இடது கையால்தான் செய்தான், துடுப்பை வைத்ததிலிருந்து வலது கையை மடியை விட்டு எடுக்கவே இல்லை, முருகனுக்குத் தெரியாதா அது, இரை கோக்கும்போதுகூட முள்ளைக் கால் கட்டைவிரல் இடுக்கில் செருகிக்கொண்டு இடது கையாலேயே இறாலைக் குத்தினான், தூண்டில் கயிற்றை வீசியதும் இடது கை, மீன் இழுத்தபோது வந்த கயிற்றை முழங்காலுக்கடியில் அமுக்கி அமுக்கி மேலே கொண்டுவந்ததும் இடது கை, மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கட்டிய கையில் கவிச்சி படக்கூடாதென்று இத்தனை பார்த்துப் பார்த்துச் செய்தவனுக்கு இப்படியா ஆக வேண்டும்... பக்கிரிசாமி தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெருவிரலின் அடிச்சதையில் தூண்டில் முள் இறங்கியிருந்தது. வெறும் முள் என்றால் பரவாயில்லை, முள்ளில் மீனும் இருந்தது. முழங்கை நீளக் கெளுத்தி. அதன் உதட்டைக் குத்தி அந்தப் பக்கம் வெளியே வந்த முனைதான் இவன் கைக்குள் போயிருந்தது, ஒரே முள்ளில் ஒரு பக்கம் மீன், இன்னொரு பக்கம் இவன். இரண்டு கையும் உள்ளவன் ஒரு கையால் மீனின் கழுத்தைப் பிடித்து மறு கையால் முள்ளைத் திருகி எடுப்பான், மலாய்க் கம்பத்துப் பிள்ளைகள்கூடச் செய்யும், இவன் ஒற்றைக் கையை நீட்டினான், மீன் ஒரு துள்ளுத் துள்ளியது, அவ்வளவுதான். இப்போது அது படகின் அடியில் தேங்கிய தண்ணீரில் படுத்து வாயைத் திறந்து திறந்து மூடியது. திறக்கும்போதெல்லாம் முள் உள்ளே அசைந்தது. அசைந்த இடத்திலிருந்து ஒரு சூடு கிளம்பி முழங்கை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. சும்மா இரு, சும்மா இரு என்று மீனிடம் சொன்னான், யாரிடம் சொல்கிறோம் என்று யோசிக்காமலே.

காப்புக் கட்டியது தோட்டக் கூலிகள் குடியிருக்கிற லயத்துக் கோயில் பூசாரி கன்னையா. பகலெல்லாம் புகைக்கொட்டகையில் ரப்பர்த்தாள் காயவைக்கிற ஆள், சாயங்காலம் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டால் சாமி, பூசினாலும் அவர் விரலில் புகைநாற்றம் போகாது. மஞ்சள் கயிற்றை முடிந்துகொண்டே சொன்னார்: "இந்தக் கைய இனிமே ஒன் கைன்னு நெனைக்காத பக்கிரி. பத்துமலை ஏறி எறங்குற வரைக்கும் இது அவன் கை. கறி மீனு தொடப்படாது, உயிரக் கொல்லப்படாது, பொண்டாட்டி பாயில படுக்கப்படாது." "கொசு கடிச்சா என்னா சாமி பண்றது?" என்று பின்னாலிருந்து எவனோ கேட்டான். "எடது கையால அடி" என்றார் கன்னையா, கூட்டமே சிரித்தது, காப்புக் கட்டிக்கொண்டிருந்த இவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பில்தான் இந்த யோசனை ஒளிந்திருந்திருக்கிறது, அன்றைக்குத் தெரியவில்லை. விளையாட்டுக்குச் சொன்னதை இவன் சட்டமாக எடுத்துக்கொண்டான், எடுத்துக்கொள்ளாமல் என்ன செய்வது, மகள் மாரியாயி மீன் கேட்கிறாளே. காய்ச்சலில் கண் செருகிப் படுத்திருந்தபோது, முருகா, ஒனக்கு முள்ளுக்காவடி எடுக்குறேன், பொண்ண விட்டுடு என்று இவன் கத்திய கத்தலில் எழுந்தவள் அவள். கொயினா மருந்தும் உள்ளே போய்க்கொண்டுதான் இருந்தது, ஆனாலும் எழுந்தாள். எழுந்து என்ன, தோலும் எலும்புமாக மூலையில் சாய்ந்துகொண்டு கஞ்சியைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறாள், மீனு, மீனு என்று அந்த ஒற்றைச் சொல்தான். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: "கொயினா அது வேலைய முடிச்சிட்டுது. இனிமே சோறுதான் மருந்து. மீனோ முட்டையோ எதையாவது குடுத்து ஒடம்பத் தேத்துங்க, இல்லேன்னா இன்னொரு காய்ச்சலுக்குப் புள்ள தாங்காது." காப்புக் கட்டின வீட்டில் மீனுக்கு எங்கே போவது. மனைவி இராஜம்மா வெட்கத்தை விட்டு அடுத்த வீட்டு நல்லம்மாளிடம் போய் ஒரு துண்டு கேட்டாள். "ஆத்தாடி, வெரத வீட்டுப் புள்ளைக்கு நானு கவிச்சி ஊட்டவா? நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா என் தலையிலதானே விடியும்" என்று அவள் கதவைப் பாதி சாத்திக்கொண்டே சொன்னாளாம். பாசாரில் வாங்கலாமென்றால் பண்டமாரான் சந்தையில் மீனுக்குக் குனிந்தவன் முதுகை எந்தத் தோட்டத்து ஆளாவது பார்த்துவிடுவான், பார்த்தால் அன்றைக்கே லயம் முழுக்கத் தெரிந்துவிடும். காப்பை அவிழ்த்துவிடலாமென்றால்... அந்த நினைப்பை அதற்குமேல் ஓடவிட அவனுக்குத் துணிவில்லை.

படகு கம்பத்து மலாய்க் கிழவர் பாக் மானுடையது. ஒற்றை மரத்தில் குடைந்த சம்பான், ஓர் ஆள் காலை நீட்டினால் நிறைந்துவிடும், சற்றே சாய்ந்தால் தண்ணீர் உள்ளே எட்டிப் பார்க்கும். ஆண்டாண்டாகத் தோட்டத்துக் கூலிகளோடு பழகிப் பாக் மானுக்குத் தமிழ் பாதி வரும், மீதிக்குக் கையாட்டுவார். காப்பைப் பார்த்துவிட்டுக் கண்ணைச் சுருக்கினார். "சாமி கயிறு கட்டிட்டு மீனா? புவாசா இல்லையா ஒனக்கு?" நோன்பு அவருக்குத் தெரியாத விஷயமா. "புவாசா எனக்கு, மீனு புள்ளைக்கு" என்றான் இவன். கிழவர் கொஞ்ச நேரம் வாயிலிருந்த வெற்றிலையை மென்றார். பிறகு துடுப்பை எடுத்துக் கொடுத்தார். "சுங்கைக்குள்ள, ஆத்துக்குள்ள, ரொம்பப் போகாத தம்பி. ஆயர் சூருட் வந்தா, தண்ணி எறங்கிட்டா, அப்புறம் சம்பான் போகாது, நீதான் சேத்துல நடக்கணும். சேறு இடுப்பு வரைக்கும் லா." சொல்லத்தான் சொன்னார். கேட்டானா. கிள்ளான் ஆற்றின் முகத்துக்குப் பக்கத்தில், பாக்காவ் என்கிற அலையாத்தி மரக்காட்டுக்குள் திரும்புகிற இந்தச் சின்ன ஓடையில் எவ்வளவு உள்ளே வர முடியுமோ அவ்வளவு வந்தான், யார் கண்ணிலும் படக்கூடாது என்கிற ஒன்றே மனதில் இருந்தது, இப்போது யார் கண்ணிலும் படாமல் ஒரு மீனோடு கோத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். மரங்களின் வேர்களில் ஈரம் படிந்த கோடு ஒரு கை உயரத்துக்குத் தெரிந்தது. தண்ணீர் இறங்கத் தொடங்கிவிட்டது. இங்கே தரைதட்டிக் கிடந்தால் நடுராத்திரிதான் மறுபடி தண்ணீர் ஏறும், அதற்குள் இராஜம்மா பயந்துபோய்க் கங்காணியிடம் சொல்வாள், பந்தம் கொளுத்திக்கொண்டு லயமே கரைக்கு வரும், கன்னையாவும் வருவார், வந்து எதைப் பார்ப்பார்கள், காப்புக் கட்டியவன் மடியில் கெளுத்தி... அந்தச் சேதி அந்த வருஷம் முழுக்கப் பேசப்படும், பேசட்டும், பேச்சு கிடக்கிறது, மாரியாயிக்கு ஏதாவது ஆனால்? அப்போது எல்லோர் கண்ணும் யாரைப் பார்க்கும்?

மீன் துள்ளியது. இந்தத் தடவை முழு உடம்பையும் வளைத்துத் துள்ளியது, பக்கிரிசாமி அம்மா என்று கத்தினான், கத்தியது காட்டுக்குள் போய் எங்கோ மோதித் திரும்பியது, சேற்றுக் கரையில் உட்கார்ந்திருந்த நண்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் வளைக்குள் போயின. காலால் அமுக்கலாமென்று குதிகாலை அதன் வாலில் வைத்தான். படகு ஒருக்களித்தது, தண்ணீர் உள்ளே வந்தது. மெல்ல நகர்த்தி முதுகுப்பக்கம் வைத்தான், முதுகில் விறைத்து நிற்கிற முள் குதிகாலை லேசாக உரசியது. கெளுத்தியின் முதுகுமுள் விஷம், பாக் மான் எத்தனை தரம் சொல்லியிருக்கிறார், அது குத்தினால் கை வீங்கி, அக்குளில் நெறிகட்டி, காய்ச்சல் வந்து படுக்கவேண்டியதுதான். காலை எடுத்துவிட்டான். மடியிலிருந்த வலது கை தானாக எழுந்தது, எழுந்த கையைப் பார்த்தான், மஞ்சள் கயிறு பளிச்சென்று இருந்தது, புதுக்கயிறு, மஞ்சள் வாசம்கூடப் போகவில்லை, கையை மடியிலேயே திரும்ப வைத்தான். தலைக்கு மேல் ஒரு செம்பருந்து வட்டம் போட்டது. கருடனைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் பழக்கம், இரண்டு கையும் அதற்கு வேண்டும், ஒரு கையில் மீன் தொங்குகிறது. அதுவும் சாமியைப் பார்க்க வரவில்லை, கெளுத்தியைப் பார்க்கத்தான் வந்திருக்கிறது என்று தோன்றியபோது சிரிப்பு வந்தது, சிரிப்பு கைக்குப் போய் வலித்தது.

இந்த வலி... இது இவனுக்குப் புதிது அல்ல. எங்கே பட்டது இதே மாதிரி, இரும்பு தோலுக்குள் நுழையும்போது முதலில் ஒரு குளிர்ச்சி, பிறகு ஓர் அகலமான எரிச்சல், பிறகு அது தன் பாட்டுக்குத் துடிக்கத் தொடங்குவது... தெரியும், எங்கே என்று தெரியும், தெரிந்துதான் அந்தப் பக்கம் மனதைப் போகவிடாமல் இத்தனை நேரம் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தான். போன வருஷம், பத்துமலை அடிவாரம், ஆற்றில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு நின்றான். மகன் வாசுவுக்காக எடுத்த காவடி அது. பையனும் இதே காய்ச்சலில்தான் கிடந்தான். அந்த விரதத்தில் இவன் ஒரு குற்றம் வைக்கவில்லை, கவிச்சி இல்லை, பொய் இல்லை, வாசலில் தனியாகப் பாய் போட்டுப் படுத்தான், எறும்பைக் கண்டால்கூட விலகி நடந்தான். சுத்தமாக விரதம் இருந்தவனுக்கு முள் குத்தினால் ரத்தம் வராது, வலிக்காது, அது எல்லோருக்கும் தெரிந்தது, சின்னப் பிள்ளையிலிருந்து கேட்டது. கன்னையா முதுகில் முதல் முள்ளை ஏற்றினார். வலித்தது. வலித்த வலியில் கண்ணுக்குள் மஞ்சளாக ஏதோ சுற்றியது. "வலிக்கலயில்ல?" என்றார் கன்னையா காதோரம். "இல்ல சாமி" என்றான் பக்கிரிசாமி. பக்கத்தில் நின்றவன் வேல் வேல் என்று கண்ணை மூடி ஆடிக்கொண்டிருந்தான், அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, அவனுக்கு வலிக்கவில்லை, எவனுக்கும் வலிக்கவில்லை, எனக்கு மட்டும் வலிக்கிறது, எங்கே தப்பு வந்தது, எதை மறந்தேன், எதைத் தொட்டேன் என்று படி ஏறுகிற நேரமெல்லாம் இதே கேள்விதான். காவடி முடிந்து ரயிலில் கிள்ளானுக்குத் திரும்பும்போது சட்டை முதுகில் ஒட்டிப்போயிருந்தது. சட்டையைக் கழற்றாமலே தூங்கினான், இராஜம்மாவுக்குக்கூடக் காட்டவில்லை. அந்த மாதம் முடிவதற்குள் வாசு போய்விட்டான். லயத்தில் எல்லோரும் விதி என்றார்கள். இவனுக்கு மட்டும் வேறு காரணம் தெரியும், முதுகில் வலித்த அந்த வலி.

படகின் அடி எதிலோ உரசியது. மண். எட்டிப் பார்த்தான், தண்ணீர் காப்பி நிறத்தில் வாய்க்கால்போல ஒடுங்கிப்போயிருந்தது, இரண்டு பக்கமும் பளபளவென்று சேறு, அதன்மேல் சின்னச்சின்ன மீன்கள் காலில்லாமலே தத்திக்கொண்டிருந்தன. இன்னும் கொஞ்ச நேரம் போனால் நகர முடியாது. ஒற்றைக் கையால் துடுப்புப் போட முடியாது, போட்டாலும் மீன் விடாது. மீனை அடக்கவேண்டும். அடக்குவதென்றால் பிடிக்கவேண்டும், பிடிப்பதென்றால்... சரி, கொல்லவேண்டும். அதைச் சொல்லாமல் சுற்றிச் சுற்றி வந்தது எவ்வளவு நேரம், தண்ணீர் நின்றதா இவனுக்காக. வலது கையைத் தூக்கினான். முருகா, இது ஒன் கைன்னு கன்னையா சொன்னாரு, அப்ப நீயே செய்யி என்று ஒரு வீம்பு வாய்வரைக்கும் வந்தது, அந்த வீம்பைக் கண்டு அவனே பயந்து விழுங்கினான். துடுப்பின் பக்கத்தில் இரைக்கத்தி கிடந்தது, எடுத்தான், கத்தியை எடுத்த பிறகுதான் தெரிந்தது, மீனை எதால் பிடிப்பது? இடது கை அதோடு கோத்திருக்கிறது, அந்தக் கையையே திருப்பி, வலியோடு வலியாக, மீன் தலையைப் பலகையில் அழுத்தினான், தூண்டில் முள் இன்னும் இறங்கியது, மீனின் விறைத்த முதுகுமுள்ளும் உள்ளங்கையோரம் குத்தியது, குத்தட்டும், வலது கையால் கண்ணுக்குப் பின்னால் கத்தியை வைத்து உடம்பின் கனத்தையெல்லாம் அதன்மேல் போட்டான். கறுக் என்றது. வால் படபடவென்று அவன் மணிக்கட்டில் அடித்தது, அடிக்க அடிக்க வழவழப்பும் ரத்தமும் காப்புக் கயிற்றில் ஏறியது, மஞ்சள் பழுப்பாகி, பழுப்பு கறுப்பாகி... அப்புறம் அடிக்கவில்லை. பக்கிரிசாமி சுற்றும் பார்த்தான். எதற்குப் பார்த்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. மரங்கள் நின்றபடியே நின்றன. தண்ணீர் இறங்கியபடியே இறங்கியது.

மீன் உதட்டை அறுத்து அதை முள்ளிலிருந்து விடுவித்தான், தூண்டில் கயிற்றையும் அறுத்தான். முள் மட்டும் கையில் நின்றது. வந்த வழியே இழுத்தால் வராது, முனைக்குப் பின்னால் எதிர்முள் இருக்கிறது, சதையைப் பிய்த்துக்கொண்டுதான் வரும், முன்னால் தள்ளித் தோலுக்கு வெளியே கொண்டுவந்து அந்தப் பக்கமாக உருவவேண்டும், பாக் மான் ஒரு தரம் தன் காலில் அப்படி எடுத்ததைப் பார்த்திருக்கிறான், கிழவர் அப்போதும் வெற்றிலை மென்றுகொண்டுதான் இருந்தார். தள்ளினான். தோல் உள்ளிருந்து கூடாரம்போல எழும்பியது, வெளுத்தது, விட்டுவிட்டான். மூச்சு வாங்கியது. மறுபடி தள்ளினான், டப்பென்று முனை வெளியே வந்தது, அதோடு ரத்தம். முனையைப் பிடித்து உருவ வலது கை விரல்கள் போயின, விரலெல்லாம் மீன் வழுவழுப்பு, நழுவியது, வேட்டியில் துடைத்துக்கொண்டு பிடித்தான், நழுவியது, ஒவ்வொரு நழுவலுக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. படகு மறுபடி மண்ணில் உரசி நின்றேவிட்டது. இனி யோசிக்க ஒன்றுமில்லை, கையை வாயருகே கொண்டுபோய் முனையைப் பல்லால் கவ்வினான். கவ்வித் தலையைப் பின்னால் வெட்டினான். வந்தது. வாயில் இரும்பு, உப்பு, தன் ரத்தம், அதற்கெல்லாம் மேலே கெளுத்தி ரத்தத்தின் அந்தக் கனத்த ருசி, நாக்கு முழுக்கப் பரவியது. துப்பினான். திரும்பத் திரும்பத் துப்பினான். தொடப்படாது, தொட்டாச்சு. கொல்லப்படாது, கொன்னாச்சு. வாயில் படக்கூடாது என்று தனியாக யாரும் சொல்லக்கூட இல்லை, அதைச் சொல்லவேண்டிய அவசியம் யாருக்கும் தோன்றியிருக்காது.

படகைவிட்டு இறங்கிச் சேற்றில் தொடைவரைக்கும் நின்று அதைத் தள்ளினான், தோளால் தள்ளினான், தண்ணீர் இருந்த இடத்துக்கு வந்ததும் குப்புற விழுந்து ஏறிக்கொண்டான். துடுப்பை இரண்டு கையாலும் பிடித்தான், இப்போது எந்தக் கையைக் காப்பாற்றவேண்டியிருக்கிறது. போட்டுக்கொண்டே யோசித்தான், யோசிக்கக்கூடாதென்று நினைத்தும் அது வந்தது. அந்தத் திருநீறு. போன வருஷம் முதுகில் முள் ஏறிய உடனே கன்னையா அந்த இடத்தில் திருநீற்றை அப்பினார், ரத்தத்தை மூடுகிறார், என் மானத்தைக் காப்பாற்றுகிறார் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தான். ஆனால் ரத்தம் வந்த பிறகு குனிந்து கிண்ணத்திலா அள்ளினார்? இல்லையே. முள்ளோடு முதுகுப்பக்கம் போகும்போதே மறு கையின் மூன்று விரலிலும் திருநீறு குவியலாக இருந்ததே. அடுத்தவன் முதுகுக்குப் போனபோதும் இருந்தது. அந்த வேல் வேல் என்று ஆடியவன் முதுகிலும் வெள்ளையாகத் திட்டுத் திட்டாக... அப்படியென்றால் எல்லோருக்கும் வரும். கன்னையாவுக்குத் தெரியும். அவர் முதுகிலும் ஒரு காலத்தில் வந்திருக்கும். எல்லோரும் இல்ல சாமி, இல்ல சாமி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு ஒவ்வொருவனும் தான் மட்டும்தான் பொய் சொல்கிறோமென்று நினைத்துக்கொண்டு படி ஏறியிருக்கிறார்கள். விரதம் குறையாதபோதும் இதே வலி. விரதம் குலைந்தபோதும் இதே வலி, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அப்படியென்றால் வாசு... வாசு போனது என்னாலே இல்லை. துடுப்பு தண்ணீரிலேயே நின்றது. நெஞ்சில் ஒரு வருஷமாகக் கிடந்த பாறாங்கல்லை எவனோ புரட்டிவிட்ட மாதிரி மூச்சு உள்ளே போனது, போன மூச்சு வெளியே வருவதற்குள் அடுத்தது வந்துவிட்டது: அப்படியென்றால் மாரியாயி எழுந்தது? அதுவும் என்னாலே இல்லையா? அவளை யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் இப்போது, யாருமே இல்லையா? அதற்கு அந்தப் பாறாங்கல்லே தேவலைபோல இருந்தது.

பாக் மான் கரையில் நின்றார். கையைப் பார்த்தார், மீனைப் பார்த்தார், காப்பைப் பார்த்தார். "சுடுதண்ணில கைய வை. சூடு தாங்குற மட்டும்" என்றார், மீனைத் தென்னை ஓலையில் சுற்றிக் கொடுத்தார். ரப்பர் மரங்களுக்கிடையே பாதையை விட்டு ஒதுங்கி நடந்தான், கை துடித்தது, துடிப்பு முழங்கையைத் தாண்டி அக்குள்வரைக்கும் ஏறியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், லயத்தின் முன்பக்கம் ஆட்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டது, பின்பக்கமாகச் சுற்றி வந்தான். இராஜம்மா விறகு பொறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"ஏய்யா, எங்கய்யா போய்த் தொலைஞ்ச? பூசாரி ரெண்டு தரம் வந்துட்டுப் போயிட்டாரு, சாயங்காலப் பூசைக்கு ஆளக் காணோம்னு. வயித்துவலின்னு சொல்லி வச்சிருக்கேன்... என்னாது கையில?"

ஓலையைப் பிரித்துக் காட்டினான். அவள் மீனைப் பார்த்தாள், அப்புறம் காப்பைப் பார்த்தாள். மஞ்சள் இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு கயிறு. வாயைப் பொத்திக்கொண்டாள். திட்டுவாள் என்று நினைத்தான், அழுவாள் என்று நினைத்தான், அடுத்த வீட்டுச் சன்னலை ஒரு பார்வை பார்த்துவிட்டு முந்தானையை இழுத்துச் செருகினாள். "உள்ள அடுப்புல ஏத்தமாட்டேன், அங்க சாமி வெளக்கு எரியுது" என்றாள். "மூணு கல்லு எடுத்துப் போடு இங்கன. அந்த நல்லம்மா மூக்குக்கு நாளைக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்." கஞ்சிப் பானையில் கொதித்த தண்ணீரைக் கொண்டுவந்து பச்சைத்தண்ணீர் கலந்து தகர டப்பாவில் ஊற்றி அவன் கையைப் பிடித்து அமுக்கினாள். கட்டைவிரல் பக்கம் உப்பி, தோல் மினுமினுத்தது.

"வலிக்குதா?"

இல்லை என்று சொல்ல வாய் பழகியிருந்தது, சொல் நுனிநாக்கு வரைக்கும் வந்துவிட்டது. "வலிக்குது" என்றான்.

"பின்ன, வலிக்காம?" என்றாள் இராஜம்மா, தண்ணீரை இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டே. அவ்வளவுதான். இரும்பு ஏறினால் வலிக்கும் என்பது அவளுக்கு ஒரு சேதியே இல்லை. போன வருஷம் முதுகோடு ஒட்டிய சட்டையை இவளிடம் காட்டியிருந்தால் அன்றைக்கும் இதைத்தான் சொல்லியிருப்பாள், இதே குரலில்... ஒரு வருஷம், முழுசாக ஒரு வருஷம் அதைச் சுமந்துகொண்டு இவள் பக்கத்திலேயே படுத்திருந்தான். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் புகைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

புளி விடாமல் மிளகும் உப்பும் மட்டும் போட்டுக் கொதித்தது. உள்ளே மூலையில் மாரியாயி வாசனைக்கு எழுந்து உட்கார்ந்திருந்தாள், நாளெல்லாம் சாய்ந்தே கிடந்தவள். "மீனா?" என்றாள், நம்பாத குரலில். "சத்தம் போடாத, தின்னு" என்றாள் இராஜம்மா, முள் பார்த்து உதிர்த்து சோற்றோடு பிசைந்து ஊட்டினாள். முதல் கவளத்தை மாரியாயி மெல்லக்கூட இல்லை. இரண்டாவதுக்கு வாயைத் திறந்துகொண்டே காத்திருந்தாள். பக்கிரிசாமி சுவரோரம் உட்கார்ந்து பார்த்தான். அவள் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தான், மிளகுக் காரத்துக்கு மூக்கை உறிஞ்சுவதைப் பார்த்தான், கன்னத்தில் கொஞ்சம் ரத்தம் ஏறியதைப் பார்த்தான், ரத்தமா அது, காரமா, சிவந்திருப்பது ஏன், கண்ணிலும் ஒரு பளபளப்பு, பசி தீர்ந்த கண்ணின் பளபளப்பா, வேறெதாவதா... காய்ச்சல் வருவதற்கு முன்னால் வாசுவின் கண்ணும் இப்படித்தான் ஒரு நாள்... சும்மா இரு. பசியாறுகிறாள். எழுந்து பக்கத்தில் போனான். நெற்றியில் கை வைத்துப் பார்க்கவேண்டும்போல இருந்தது. வலது கையை நீட்டினான், மணிக்கட்டில் அந்தக் கறுத்த கயிற்றைப் பார்த்தான், அந்தக் கை அவள்மேல் படவேண்டாம் என்று மடக்கிக்கொண்டான். இடது கையை வைத்தான். சூடாக இருந்தது. சுடுதண்ணீரில் இத்தனை நேரம் இருந்த கை, விஷம் ஏறி வீங்கிய கை, அது எதைத் தொட்டாலும் சூடாகத்தான் இருக்கும். கையை எடுத்தான், திரும்ப வைத்தான். மாரியாயி மென்றுகொண்டே அண்ணாந்து அவனைப் பார்த்தாள். சூடு அவள் நெற்றியில் இருக்கிறதா, தன் உள்ளங்கையில் இருக்கிறதா என்று அவனுக்குத் தெரியவில்லை, இராஜம்மாவைக் கூப்பிட்டு அவள் கையை வைத்துப் பார்க்கச் சொல்லலாம், சொல்லாமல், தன் கையை அங்கேயே வைத்துக்கொண்டு நின்றான்.